இறக்கையின் அகலமும் பயணியின் நடையும்: ஜெட் விமானம் மாற்றியமைத்த விமான நிலையங்கள்

விமான நிலையத்துக்குள் நுழைந்த பிறகு நாம் அதிகம் செய்யும் வேலை நடப்பதுதான். வாசலிலிருந்து செக்-இன் வரை, அங்கிருந்து பாதுகாப்புச் சோதனை வரை, பிறகு கண்ணுக்கெட்டிய தூரம் நீளும் நடைகூடத்தில் கேட் எண்களை எண்ணிக்கொண்டே இன்னும் கொஞ்சம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டரை உட்கார்ந்தபடியே கடக்கும் பயணத்தில், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரைக் காலால் கடந்தாக வேண்டியிருக்கிறது. கடைகளைப் பார்க்க வைப்பதற்காகவே இப்படிச் சுற்ற விடுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கடைகள் பெருகுவதற்கு முன்பே நடை வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தது ஜெட் விமானத்தின் இறக்கை.

ஜெட் யுகம் என்றதும் வேகத்தைப் பற்றித்தான் பேசுவோம். அட்லாண்டிக்கைக் கடக்கும் நேரம் ஏறக்குறைய பாதியானது உண்மைதான். ஆனால் விமான நிலையத்தின் உருவத்தை மாற்றியதில் வேகத்துக்குப் பங்கு குறைவு என்பது என் எண்ணம். மாற்றியவை விமானத்தின் அளவு, எடை, சத்தம், என்ஜினின் பின்னால் பீறிடும் காற்று ஆகியவை. கட்டடத்தின் வாசலில் நின்ற விமானம் இவற்றால் தள்ளிப் போனது. அந்த இடைவெளியை யார் கடப்பது? பயணி நடப்பதா, விமானம் பக்கத்தில் வருவதா, நடுவில் ஒரு வண்டி ஓடுவதா? 1958க்குப் பிறகு வரையப்பட்ட முனையங்கள் எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்விக்கான விடைகளாகப் படித்துவிடலாம்.

மைதானமாக இருந்த காலம்

ஆரம்பகால விமானத் தளங்களில் ஓடுபாதை என்று தனியாக ஒன்றும் கிடையாது. பரந்த புல்வெளி, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் பார்த்து விமானம் எழும்பும். வால் பக்கம் சிறு சக்கரம் வைத்த இலகுவான விமானங்களுக்குப் பக்கவாட்டுக் காற்று பெரிய எதிரி. அதனால் எத்திசையிலும் ஓடக்கூடிய மைதானமே பாதுகாப்பானதாக இருந்தது.

1935இல் முதன்முதலாகப் பறந்த டக்ளஸ் டிசி-3ஐ அந்தக் காலத்தின் அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். பகல் பயணத்தில் 21 பேர். இறக்கையின் அகலம் 29 மீட்டர். முழு எடை 11 டன்னுக்குச் சற்று மேல். எரிபொருள் 3,000 லிட்டரை ஒட்டி. பயணிகள் ஒரு சிறிய கட்டடத்திலிருந்து வெளியே வந்து, தரையில் சில அடி நடந்து, சில படிகள் ஏறி உள்ளே உட்கார்ந்துவிடுவார்கள். வழியனுப்ப வந்தவர்கள் வேலிக்கு அப்பால் நின்று கையசைப்பார்கள். விமானத்தில் இருப்பவரின் முகம் அவர்களுக்குத் தெரியும்.

அந்தச் சின்ன உலகத்திலும் சிந்தித்துக் கட்டியவர்கள் இருந்தார்கள். லண்டனுக்குத் தெற்கே கேட்விக்கில் 1936இல் ஒரு வட்ட வடிவ முனையம் திறக்கப்பட்டது. தேன்கூடு என்பது அதன் செல்லப்பெயர். நடுவில் கட்டடம், சுற்றிலும் விமானங்கள். கட்டடத்திலிருந்து தண்டவாளத்தின் மேல் நீண்டு மடங்கும் கூண்டு போன்ற நடைவழிகள் விமானத்தின் கதவு வரை போகும். ரயிலிலிருந்து இறங்கியவர் சுரங்கப் பாதை வழியாக மழையில் நனையாமலே விமானம் ஏறலாம். கட்டடத்தையும் விமானத்தின் கதவையும் இணைக்கும் இன்றைய ஏரோபிரிட்ஜின் கரு அங்கே கிடக்கிறது.

அதே பத்தாண்டில் பெர்லினின் டெம்பல்ஹோஃபில் எர்ன்ஸ்ட் ஸாகெபீல் வடிவமைத்த முனையம் எழுந்தது. வில்லாக வளைந்த, ஒரு கிலோமீட்டருக்கும் கூடுதலான நீளமுள்ள கட்டடம். அதன் விமானங்கள் நிற்கும் பக்கத்தில் சுமார் 40 மீட்டர் தூரத்துக்குத் தூணே இல்லாமல் கூரை வெளியே நீண்டது. விமானம் அந்தக் கூரைக்கடியில் வந்து நிற்கும், வீட்டு முற்றத்தில் வண்டி வந்து நிற்பதைப் போல. விமானம் கட்டடத்துக்குள் அடங்கும் என்று நம்ப முடிந்த காலம் அது.

எடையும் நெருப்பும்

பிரிட்டனின் டி ஹாவிலண்ட் காமெட் 1952 மே மாதம் லண்டனிலிருந்து ஜொஹன்னஸ்பர்க்குக்குப் பறந்து, பயணிகளுக்கான ஜெட் சேவையைத் தொடங்கிவைத்தது. தொடர் விபத்துகளால் 1954இல் அது நிறுத்தப்பட்டது. உண்மையான திருப்பம் 1958 அக்டோபரில் வந்தது. திருத்தி அமைக்கப்பட்ட காமெட் 4 அட்லாண்டிக்கைக் கடந்தது. அதே மாதம் 26ஆம் தேதி அமெரிக்க விமான நிறுவனமான பான் அமின் போயிங் 707 நியூயார்க்கின் ஐடில்வைல்டிலிருந்து 111 பயணிகளுடன் பாரிஸுக்குக் கிளம்பியது. ஐடில்வைல்டுக்குத்தான் பின்னாளில் ஜான் கென்னடியின் பெயர் வைக்கப்பட்டது.

707ஐ டிசி-3க்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் விமான நிலையப் பொறியாளர்களின் கவலை புரியும். இறக்கை 40 மீட்டர். பெரிய ரகத்தின் எடை 150 டன். அதாவது டிசி-3ஐப் போல 13 மடங்கு. எரிபொருள் 90,000 லிட்டர். அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டுமானால் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் ஓடுபாதை தேவைப்பட்டது.

முதலில் தரை மாறியது. இதைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. ஆனால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் சின்னச் சின்னக் காரணங்கள் பெரிய கட்டடங்களின் தலையெழுத்தை எப்படி எழுதின என்று இங்கே தெளிவாகத் தெரிகிறது. ஜெட் என்ஜின் கல்லையும் மண்ணையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்; ஒரு சிறு கல் போதும், உள்ளே சுழலும் தகடுகள் நாசமாகும். அதனால் ஓடுபாதையின் ஓரங்களுக்கும் தளம் போட வேண்டியதாயிற்று. ஜெட் எரிபொருள் மண்ணெண்ணெய் வகை. சிந்தினால் தார்த் தளத்தை இளக்கிவிடும். எனவே விமானங்கள் நிற்கும் இடங்களுக்குக் கான்கிரீட் தேவைப்பட்டது. ஒரு விமானத்துக்கு லாரி லாரியாக எரிபொருள் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே பெரிய நிலையங்களில் தரைக்கடியில் குழாய்கள் பதித்து, ஒவ்வொரு கேட்டிலும் எரிபொருள் வாய் வைத்தார்கள். அப்படிக் குழாய் பதித்த பிறகு, விமானம் தினமும் அதே இடத்தில், அதே கோட்டில் வந்து நின்றாக வேண்டும். மைதானத்தில் எங்கு வேண்டுமானாலும் நின்ற சுதந்திரம் அங்கே முடிந்தது.

அடுத்து என்ஜினின் பின்காற்று. விசிறி என்ஜின் வைத்த பழைய விமானம் கட்டடத்துக்குப் பக்கத்தில் வந்து, தானே வளைந்து திரும்பி, தன் சக்தியிலேயே கிளம்பிப் போகும். ஜெட் அப்படித் திரும்பினால் பின்னால் வரும் சூடான காற்று ஆட்களையும் வண்டிகளையும் தூக்கி எறியும், கண்ணாடிகள் தாங்காது. வளைந்து திரும்ப இடமும் மிக அதிகம் வேண்டும். இதற்குக் கிடைத்த தீர்வு எளிமையானது: மூக்கைக் கட்டடத்தின் பக்கம் வைத்து நிறுத்துவது, கிளம்பும்போது ஓர் இழுவை வண்டியால் பின்னுக்குத் தள்ளிவிடுவது. இன்று பெரும்பாலான ஜெட் பயணங்கள் பின்னோக்கித் தொடங்குவது இதனால்தான்.

மூக்கு கட்டடத்தைப் பார்த்து நின்றதும் கதவும் கட்டடத்துக்கு அருகில் வந்தது. ஆனால் அந்தக் கதவு தரையிலிருந்து ஏறக்குறைய 3 மீட்டர் உயரத்தில் இருந்தது. சத்தமும் புகையும் நிறைந்த தளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை நடக்கவிட்டு, ஏணியில் ஏற்றுவதைவிட, கட்டடத்தின் மாடியிலிருந்தே நேராக ஒரு பாலம் போட்டுவிடுவது நல்லது. அமெரிக்காவின் பெரிய நிலையங்களில் 1950களின் கடைசியில் நீண்டு சுருங்கும் ஏரோபிரிட்ஜ்கள் வந்தன. பாலம் மாடியில் தொடங்கியதால் பயணிகளும் மாடியில் காத்திருக்க வேண்டும். பெட்டிகள் விமானத்தின் வயிற்றுக்குள் போவதால் அவை கீழ்த்தளத்திலேயே இருக்கும். மேலே புறப்பாடு, கீழே வருகை, வாசலிலும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சாலைகள் என்று இன்று நாம் இயல்பாக எடுத்துக்கொள்ளும் அடுக்கு முறைக்கு, கதவின் உயரம் ஒரு முக்கியக் காரணம்.

இந்த இடத்தில் கனடாவின் கேண்டரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நியூஃபவுண்ட்லாந்து தீவில் உள்ள அந்த ஊர், அட்லாண்டிக்கைத் தாண்டும் விமானங்கள் எரிபொருள் நிரப்ப இறங்கும் இடமாக உலகப் புகழ் பெற்றிருந்தது. முதல் 707 சேவையும் வழியில் அங்கே இறங்கித்தான் போனது. 1959 ஜூன் மாதம் எலிசபெத் ராணி அங்கே ஒரு புதிய முனையத்தைத் திறந்துவைத்தார். நவீன நாற்காலிகளும் நீண்ட சுவரோவியமும் கொண்ட அழகான கூடம். அதே ஆண்டில்தான் இடையில் நிற்காமல் கடலைத் தாண்டும் பெரிய 707 ரகம் சேவைக்கு வந்தது. விமானங்கள் கேண்டரின் தலைக்கு மேல் பறந்து போகத் தொடங்கின. எதிர்காலத்துக்காகக் கட்டிய கூடத்தை எதிர்காலம் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கூடம் காலத்தில் உறைந்ததுபோல நெடுங்காலம் அப்படியே நின்றது.

கணக்கு

பத்து விமானங்களை ஒரு கட்டடத்தின் முன் வரிசையாக நிறுத்துவோம். டிசி-3 என்றால் இறக்கைகள் மட்டும் 290 மீட்டர். 707 என்றால் 400 மீட்டருக்கு மேல். 1970இல் சேவைக்கு வந்த போயிங் 747 என்றால் ஏறக்குறைய 600 மீட்டர். இறக்கை நுனிக்கும் அடுத்த இறக்கை நுனிக்கும் நடுவில் விடவேண்டிய இடைவெளியும் உண்டு. இன்றைய சர்வதேச விதிப்படி பெரிய விமானங்களுக்கு அது 7.5 மீட்டர். அதையும் சேர்த்தால் பத்தே பத்து 747களுக்கு 660 மீட்டரைத் தாண்டிவிடுகிறோம். பரபரப்பான ஒரு நிலையத்துக்குப் பத்து கேட் எந்த மூலைக்கு?

கட்டடத்தின் வாசல் ஒன்று. விமானங்கள் பலவும் பெரியவையும். இதுதான் நடையின் பிறப்பிடம்.

முதல் விடை, கட்டடத்திலிருந்து விரல்கள் போல நடைகூடங்களை நீட்டுவது. விரலின் இரு பக்கமும் விமானங்களை நிறுத்தலாம் என்பதால் நீளம் பாதியாகக் குறைகிறது. 1963இல் முழுமையாகத் திறந்துவைக்கப்பட்ட சிகாகோவின் ஓஹேர் கவட்டை போல இரண்டாகப் பிரியும் விரல்களோடு அந்த முறையின் பெரிய எடுத்துக்காட்டாக இருந்தது. மலிவானது, எளிதில் நீட்டக்கூடியது. ஆனால் எல்லாச் சுமையும் பயணியின் கால் மேல்.

நியூயார்க் வேறு வழியில் போனது. ஐடில்வைல்டில் ஒவ்வொரு பெரிய விமான நிறுவனமும் தனக்கென்று ஒரு முனையம் கட்டிக்கொண்டது. பான் அம் 1960இல் நீள்வட்டக் குடை போன்ற ஒரு கூரையை எழுப்பியது. 4 ஏக்கர் பரப்புள்ள அந்தக் கூரை ஓரங்களில் தூணில்லாமல் வெளியே நீண்டு, மூக்கை உள்ளே நுழைத்து நிற்கும் ஜெட்களுக்கு நிழல் தந்தது. டெம்பல்ஹோஃபின் கனவு கடைசியாக ஒருமுறை உயிர்பெற்றது என்று சொல்லலாம். பக்கத்திலேயே டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்துக்காக ஏரோ ஸாரினென் வடிவமைத்த கான்கிரீட் பறவை 1962இல் திறக்கப்பட்டது. அதன் வளைவுகளைப் புகைப்படத்தில் பார்க்கும்போதே மனம் இலேசாகிறது. ஆனால் வடிவமைப்பு தொடங்கிய 1956இல் 707 சேவைக்கே வந்திருக்கவில்லை. பத்தாண்டுக்குள் 747 வந்து அதைச் சிறியதாக்கியது. 2001இல் முனையமாக அதன் வாழ்வு முடிந்தது. 2019இலிருந்து அது ஒரு ஹோட்டலின் முகப்பு. பான் அம் குடையோ 2013இல் இடிக்கப்பட்டது.

நகரும் கூடம்

ஸாரினெனின் அடுத்த வேலை, என் கணிப்பில், ஜெட் யுகம் கேட்ட கேள்விக்கு மிகத் துணிச்சலான பதில். வாஷிங்டனிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, வர்ஜீனியாவின் சான்டிலியில் சுமார் 4,000 ஹெக்டேர் நிலத்தில் டல்லஸ் விமான நிலையம் திட்டமிடப்பட்டது. அமெரிக்காவில் தொடக்கத்திலிருந்தே பயணிகள் ஜெட்களுக்காக வடிவமைத்த முதல் நிலையம் அதுதான். பழைய மைதானத்தை நீட்டி ஒட்டுப்போடாமல், வெறும் நிலத்தில் முதலிலிருந்து யோசிக்க முடிந்தது.

ஸாரினென் தன் குழுவினரை ஸ்டாப் வாட்சும் எண்ணும் கருவியும் கொடுத்துப் பல விமான நிலையங்களுக்கு அனுப்பினார். பயணிகள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அளந்து வந்தார்கள். விடை அவர்களை வருத்தியது: விமானங்கள் பெருகப் பெருக விரல்கள் நீளும், விரல்கள் நீள நீள நடை நீளும், அதற்கு முடிவே இல்லை. அப்படியானால் கட்டடத்தை ஏன் விமானத்தை நோக்கி நீட்ட வேண்டும்? காத்திருக்கும் கூடமே எழுந்து போய் விமானத்தைத் தொடட்டுமே!

இப்படித்தான் நகரும் கூடம் பிறந்தது. சக்கரங்களின் மேல் ஓர் அறை. 16 மீட்டர் நீளம். 71 பேர் உட்காரலாம், மொத்தம் 102 பேர் ஏறலாம். முனையத்தின் கதவோடு ஒட்டி நிற்கும். ஆட்கள் ஏறியதும் விமானங்களை நிறுத்தும் தளத்தின் நடுவே நிற்கும் விமானம் வரை போய், தன் மூக்கை நீட்டிக் கதவோடு சேர்த்துக்கொள்ளும். விமானம் கட்டடத்துக்குப் பக்கத்தில் வரவே வேண்டாம். சத்தமும் பின்காற்றும் தொலைவிலேயே நின்றுவிடும். காருக்கும் வண்டிக்கும் நடுவே பயணி கட்டடத்தின் குறுக்களவை மட்டும் நடந்தால் போதும். விமான நிறுவனங்களை இணங்க வைக்க, ஸாரினெனின் நண்பர்களான சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்த யோசனையை விளக்கி ஒரு குறும்படமே எடுத்துக் கொடுத்தார்கள். பெரிய நிலையங்களுக்காக அவர்கள் வடிவமைத்த, வரிசையாகக் கோத்த கறுப்பு இருக்கைகளை உலகம் முழுக்க இன்றும் பார்க்கிறோம்.

வண்டிகள் நடையைச் சுருக்கியதால் கட்டடம் கச்சிதமாக அமைந்தது. வெளிப்பக்கம் சாய்ந்த தூண்கள் இரண்டு வரிசை. நடுவே கம்பிவடங்களில் தொங்கும் கூரை, இரண்டு மரங்களுக்கிடையே தூளி கட்டியதைப் போல. ஸாரினென் 1961இல் இறந்துவிட்டார். 1962 நவம்பரில் அதிபர் கென்னடி நிலையத்தைத் திறந்துவைத்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை.

ஒரு 707க்கு இரண்டு வண்டிகள் போதும். 747க்கு நான்கு, ஐந்து வேண்டும். கடைசிப் பயணி வந்து சேர்ந்த பிறகுதான் வண்டி கிளம்பும் என்பதால் முதலில் ஏறியவர் காத்துக்கொண்டே இருந்தார். இன்னொரு விமானத்துக்கு மாறுபவர் ஒரு வண்டியில் முனையத்துக்கு வந்து, வேறொரு வண்டியில் திரும்பிப் போக வேண்டியிருந்தது. 1978இல் அமெரிக்காவில் விமானத் துறைக் கட்டுப்பாடுகள் தளர்ந்து, ஒரே ஊரில் பல விமானங்களைச் சேர்த்துப் பயணிகளை மாற்றிவிடும் முறை பெருகியபோது இது பெரிய தடையானது. 1980களில் விமானங்களை நிறுத்தும் தளத்தின் நடுவில் வழக்கமான கேட்களோடு தனிக் கட்டடம் கட்டினார்கள். நகரும் கூடங்கள் இரண்டு கட்டடங்களுக்கு இடையே ஆள் ஏற்றும் வண்டிகளாகக் குறைந்தன. 2010இல் சுரங்க ரயில் வந்தது. ஸாரினென் கணித்ததில் தவறில்லை, நடை நீளும் என்று அவர் சொன்னது அப்படியே நடந்தது. இடையில் இறங்கி ஏறும் பயணி இவ்வளவு பெருகுவார் என்பது மட்டும் அவர் கணக்கில் இல்லை.

வட்டங்கள்

1970களின் தொடக்கத்தில் வட்டத்தின் மேல் எல்லோருக்கும் ஒரு காதல் வந்தது. பாரிஸின் சார்ல்ஸ் த கோல் முதல் முனையத்தை பால் ஆந்த்ரூ தன் முப்பதாவது வயதை ஒட்டி வடிவமைத்தார். 1974இல் திறக்கப்பட்டது. நடுவில் ஒரு கான்கிரீட் வட்டம், சுற்றிலும் ஏழு துணைக் கட்டடங்கள், தரைக்கடிச் சுரங்கங்களால் இணைக்கப்பட்டவை. வட்டத்தின் நடுவே திறந்த வெளியில் கண்ணாடிக் குழாய்களுக்குள் நகரும் பாதைகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. ஆனால் வட்டம் முடிந்துபோன வடிவம். அதை எந்தப் பக்கம் நீட்டுவது? இரண்டாவது முனையத்தை வடிவமைத்தபோது ஆந்த்ரூவே வட்டத்தை விட்டுவிட்டு, சாலையின் இரு பக்கமும் தொடர்ந்து சேர்க்கக்கூடிய வடிவத்துக்கு மாறினார்.

கான்சாஸ் சிட்டி இன்னும் ஒரு படி போனது. 1972இல் திறந்த அந்த நிலையத்தில் மூன்று வளைய முனையங்கள். காரை நேராக உங்கள் கேட்டின் வாசலுக்கே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தலாம். அங்கிருந்து விமானத்தின் கேட் வரை சுமார் 25 மீட்டர் நடை. நடையை இவ்வளவு குறைத்த பெரிய நிலையம் வேறு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அப்போது விமானக் கடத்தல்கள் தொடர்ந்து நடந்துகொண்டிருந்தன. 1973 ஜனவரி 5 முதல் அமெரிக்காவில் ஒவ்வொரு பயணியையும் சோதிப்பது கட்டாயமானது. ஒரே வாசலில் எல்லோரையும் சோதிக்கும் வசதி அந்த வளையங்களில் இல்லை; சில கேட்களுக்கு ஒன்று என்று சோதனை மையங்களைச் சிதறலாக வைக்க வேண்டியிருந்தது. சோதனையைத் தாண்டி உள்ளே போனால் மெல்லிய ஒரு பட்டை இடம்தான், கழிப்பறைக்குக்கூட வெளியே வரவேண்டிய நிலை. திறந்து சில மாதங்களிலேயே அடிப்படைக் கருத்து செல்லாமல் போனாலும், அந்த நிலையம் ஐம்பது ஆண்டுகள் அப்படியே ஓடியது. 2023இல்தான் ஒரே பெரிய முனையம் அதன் இடத்துக்கு வந்தது.

பாதுகாப்புச் சோதனை நடையைக் கூட்டிய இரண்டாவது பெரிய காரணம். எல்லோரையும் ஒரு குறுகிய வாயிலில் சேர்த்து, பிறகு நாலாபுறமும் பிரித்துவிட வேண்டும். வழியனுப்பும் உறவினர்கள் கேட் வரை வந்த காலமும், விமானம் பார்க்கவென்றே ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு வந்து மொட்டை மாடியில் நின்ற காலமும் மெல்ல மறைந்தன. 1961இல் திறந்த பாரிஸின் ஓர்லி தெற்கு முனையம் அப்படிக் கூட்டம் கூட்டமாக மக்கள் வேடிக்கை பார்க்க வந்த இடம். அந்த மாடிகள் மூடப்பட்டது ஓர் இழப்பு என்றே நினைக்கிறேன். விமானம் ஏறக் காசில்லாதவர்களுக்கும் விமான நிலையத்தில் ஓர் இடம் இருந்தது, அது போய்விட்டது.

நடைக்கு நீடித்த மருந்தை ஃப்ளோரிடாவின் டாம்பா 1971இல் கொடுத்தது. திட்டமிட்டவர்கள் முதலில் ஒரு எண்ணை வைத்துக்கொண்டார்கள்: காரிலிருந்து விமானம் வரை எந்தப் பயணியும் 700 அடிக்கு மேல், அதாவது ஏறக்குறைய 210 மீட்டருக்கு மேல் நடக்கக் கூடாது. கார், டிக்கெட், பெட்டி எல்லாம் ஒரு மையக் கட்டடத்தில். விமானங்கள் தனித் தனிக் கட்டடங்களில். இரண்டுக்கும் நடுவே ஓட்டுநர் இல்லாமல் தானாக ஓடும் சிறு ரயில். விமான நிலையத்தில் அப்படி ஒரு ரயில் ஓடியது அதுவே முதல் முறை. டல்லஸ் கண்ட கனவுதான் இது, ஆனால் தண்டவாளத்தின் மேல். வண்டி நிறையும் வரை யாரும் காத்திருக்க வேண்டாம். அட்லாண்டா 1980இல் இதைப் பெரிதாக்கியது. ஒன்றுக்கொன்று இணையான நடைகூடங்கள், அவற்றின் அடியில் ஒரே நேர்கோட்டில் ஓடும் சுரங்க ரயில். நடைகூடங்களுக்கு நடுவே விமானங்கள் தாராளமாக வந்துபோக இடம். இடம் போதாவிட்டால் கோட்டின் முனையில் இன்னொரு கூடத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். இன்றைய பெரிய நிலையங்கள் பல இந்தக் கோட்டையே பின்பற்றுகின்றன.

ஓடுபாதை நேரானது, ஊர் தள்ளிப்போனது

747 பற்றி ஒரு செய்தி. 330 டன் எடையுள்ள அந்த விமானத்துக்கு 18 சக்கரங்கள். 707க்காகப் போட்ட தளங்களே தன்னையும் தாங்க வேண்டும் என்பதற்காக எடையை அப்படிப் பரப்பினார்கள். தளம் தாங்கியது, கூடங்கள்தான் திணறின. அரை மணி நேரத்துக்குள் மூன்று 747 இறங்கினால் குடிவரவுச் சோதனை வரிசையில் ஆயிரம் பேர்.

ஓடுபாதைகளின் வரைபடமும் மாறியது. லண்டனின் ஹீத்ரோவை 1940களில் திட்டமிட்டபோது, எத்திசைக் காற்றுக்கும் ஈடுகொடுக்க ஓடுபாதைகளை அறுகோண நட்சத்திரமாக வைத்தார்கள். முனையங்கள் நட்சத்திரத்தின் நடுவில். அங்கே போக ஓடுபாதைக்கு அடியில் சுரங்கம். முன்சக்கரமும் கனத்த உடலும் கொண்ட ஜெட்கள் பக்கவாட்டுக் காற்றை நன்றாகவே தாங்கின. அவற்றுக்கு வேண்டியது நீளம். ஒன்றையொன்று வெட்டாத இணை ஓடுபாதைகளில் ஒரே நேரத்தில் இறங்கவும் ஏறவும் முடியும். நட்சத்திரத்தின் மற்றக் கைகள் மெல்ல மறைந்து, ஹீத்ரோவில் இன்று மிஞ்சியவை இணையான இரண்டு. ஆனால் மையத்தில் மாட்டிக்கொண்ட முனையங்கள் அங்கேயே இருக்கின்றன, சுரங்கமும் இருக்கிறது. ஒரு காலத்தின் காற்றுக்காகப் போட்ட கோடு பல தலைமுறைகளின் பயணத்தைக் கட்டிப்போட்டிருக்கிறது.

சத்தம் தனிக் கதை. நியூயார்க் துறைமுக ஆணையம் 707ஐத் தன் நிலையத்துக்குள் விடுவதற்கு முன்பே ஒலி அளவுக்கு வரம்பு கேட்டது. என்ஜின்களுக்கு ஒலி குறைக்கும் குழாய்கள் பொருத்த வேண்டியிருந்தது. ஊருக்குள் ஜெட் இறங்குவதை மக்கள் தாங்கவில்லை, நிலையங்கள் வெளியே நகர்ந்தன. ஒசாகாவின் கன்சாய் 1994இல் கடலில் மண் கொட்டி உருவாக்கிய தீவில் திறக்கப்பட்டது. தள்ளிப்போவதற்கும் எல்லை உண்டு என்பதை மான்ட்ரியலின் மிராபெல் காட்டியது. 1969இல் சுமார் 39,000 ஹெக்டேர் நிலத்தை அரசு கையகப்படுத்தியது. பல தலைமுறை விவசாயக் குடும்பங்கள் வீடிழந்தன. 1975இல் நிலையம் திறந்தது. வெளிநாட்டு விமானங்கள் இங்கே, உள்நாட்டு விமானங்கள் ஊருக்கு அருகிலிருந்த பழைய டோர்வாலில் என்று பிரித்ததால் மாறிச் செல்பவர்கள் அவதிப்பட்டார்கள். நகரத்தோடு இணைக்க வேண்டிய ரயில் வரவே இல்லை. 2004இல் பயணிகள் சேவை நின்றது. முனையத்தை 2014இல் இடிக்கத் தொடங்கினார்கள். அந்தக் குடும்பங்களின் கண்ணீருக்கு அதை ஈடாக எண்ண எனக்கு மனம் வரவில்லை.

80 மீட்டர் பெட்டி

இடைவெளியின் கணக்கு இன்றும் தீரவில்லை. ஐ.சி.ஏ.ஓ. எனும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, விமானங்களை இறக்கையின் அகலத்தைக் கொண்டு வகைப்படுத்துகிறது. 65 மீட்டருக்குக் குறைவு என்றால் ஒரு வகை, அதற்கு மேல் 80 மீட்டர் வரை அடுத்த வகை. ஏர்பஸ் ஏ380இன் இறக்கை 79.75 மீட்டர். 80 மீட்டர் சதுரத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகவே அதன் வடிவம் அப்படி அமைந்தது. அப்படியும் அதை வரவேற்க நிலையங்கள் கேட்களை அகலப்படுத்தி, மேல்தளத்துக்கும் தனியாக ஏரோபிரிட்ஜ் வைத்தன. அந்த விமானத்தின் தயாரிப்பு 2021இல் முடிந்துவிட்டது. அகலமான கேட்கள் நிற்கின்றன.

2019இல் திறந்த பெய்ஜிங்கின் டாஷிங் நிலையத்தில், ஸாஹா ஹதீத் நிறுவனமும் பிரெஞ்சு பொறியாளர்களும் சேர்ந்து மையத்திலிருந்து ஐந்து கைகளை நட்சத்திரம்போல நீட்டியிருக்கிறார்கள். மையத்திலிருந்து மிகத் தொலைவிலுள்ள கேட் 600 மீட்டர், எட்டு நிமிட நடை; ரயில் வேண்டாம். கேட்விக்கின் தேன்கூடு பல நூறு மடங்கு பெரிதாகித் திரும்பி வந்திருக்கிறது.

போயிங்கின் 777எக்ஸ் 2020 ஜனவரியில் முதன்முதலாகப் பறந்தது. வானத்தில் அதன் இறக்கை 71.8 மீட்டர். அவ்வளவு அகலத்துக்கு இப்போதுள்ள பல கேட்களில் இடமில்லை. அதனால் அது தரையிறங்கி ஓடுபாதையை விட்டு விலகியதும் இரு நுனிகளும் மேல்நோக்கி மடங்குகின்றன. 64.8 மீட்டராகச் சுருங்கி, பழைய 777 நின்ற அதே கோட்டில் வந்து நிற்கிறது.